பல் டாக்டர் வாங்கும் ரம்பங்கள்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரம்பத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பல் வரிசையைப் பார்க்கிறார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு பல்லாக நெருடுகிறார். இரும்புக்கடையில் அவருக்குப் 'பல் டாக்டர்' என்றே பெயர்.

"இது நீளவாக்குல கிழிக்கிறதா, குறுக்க அறுக்கிறதா?"

"பெரிய பல்லு நீளவாக்குக்கு, பொடிப் பல்லு குறுக்குக்கு. எத்தனை தடவை சார் சொல்றது?" என்கிறார் கடைக்காரர். "ஏதாவது ஒண்ணை வச்சு அறுக்க ஆரம்பிங்க. கோணலாப் போனா போகட்டும்."

"ஐயோ, ஒரு நூல்கூடப் பிசகக் கூடாதுங்க."

அவர் வேலை, லிஃப்ட் ஓட்டுவது. முக்காலியில் உட்கார்ந்தபடியே பட்டனை அழுத்தி ஊரையெல்லாம் ஏற்றி இறக்குபவர். ஆணி அடித்தால் தன் விரலில்தான் அடிப்பார். அவருக்கு எதற்குத் தச்சுவேலை என்று கேட்கலாம். மனைவிக்கு ஒரு நாற்காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அவரே பார்த்துப் பார்த்து வாங்கிவந்த நாற்காலியின் கால் விட்டுப்போய்த்தான் அந்த அம்மாள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அன்றே வீட்டிலிருந்த நாற்காலிகளை எல்லாம் இவர் தெருவில் தூக்கிப் போட்டார். "இனிமே கடைச் சரக்கை நம்ப மாட்டேன். என் கையாலயே செஞ்சு தரேன்" என்றார். எலும்பு கூடியதும் மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்: "முதுகுக்குச் சாய்மானம் குடுத்து தினமும் உக்கார வைங்க. படுத்தே கிடந்தா கால் மடங்காமப் போயிடும்." பக்கத்து வீட்டம்மா தன் நாற்காலியைக் கொண்டுவந்தார். நாலு காலையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார் மனிதர்.

கடைச் சரக்கை நம்பாதவர் தன் கையையாவது நம்பியிருக்கலாம். அதுவும் இல்லை. ஒரே ஒரு முறை அறுத்துப் பார்த்தார். இழுத்து அறுக்க வேண்டிய மெல்லிய ரம்பத்தைப் பலம் கொண்ட மட்டும் தள்ளினார். தகடு மடங்கிக்கொண்டது. பென்சில் கோட்டுக்கு வெளியே பலகையில் ஒரு கீறல் விழுந்தது. "ரம்பம் சரியில்லை" என்று மறுநாளே கடைக்குப் போனார். அன்றிலிருந்து வாங்குவதோடு சரி. முதுகில் பித்தளைப் பட்டை வைத்தது, பிடி வளைந்தது, பிடி நேரானது எல்லாம் எண்ணெய் தடவித் துணி சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. பலகை சுவரில் சாய்ந்தே நிற்கிறது. இவரை எப்படித் திட்டுவது? திட்டத்தான் மனம் வருமா?

"நாற்காலி எப்போ? பேரன் கல்யாணத்துக்கா?" என்று அந்த அம்மாள் முதலில் கேலி செய்வார். இப்போது கேட்பதே இல்லை.

இன்றும் ஒன்று வாங்கிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தத் தடவை விடலை. இது ரெண்டு வாக்குலயும் அறுக்குமாம். நாளைக்கே ஆரம்பிச்சிடறேன். எங்க, காலைக் கொஞ்சம் மடக்கு. உயரம் இன்னொரு தடவை அளந்துக்கறேன்."

"மடங்கலைங்க."

"மெதுவா மடக்கு."

"கொஞ்ச நாளாவே வரலை. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை."

இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். அந்த அம்மாளின் முகம் வலியில் சுளித்தது. கையை எடுத்துவிட்டார். உட்கார வேண்டும்போல் இருந்தது அவருக்கு. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

அந்த அம்மாள் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோரம் இழுத்து, அவர் உட்கார இடம் விட்டார்.