அஞ்சாவது குப்பி

பேய்னா ராத்திரிதான் வரும்னு யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகல்ல. ஞாயித்துக்கிழமை, மதியம் ரெண்டு பதினாலுக்கு. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். இதையே வேற யாராவது வந்து சொல்லியிருந்தா, "போய் முதல்ல நல்லா தூங்கி எழுந்திரு"ன்னு துரத்தியிருப்பேன். அப்படிப்பட்ட வாய் எனக்கு. ஆனா இது நடந்தது. நேரம் உட்பட எல்லாம் என் கம்ப்யூட்டர்ல பதிவாச்சு. அதை அழிச்சதும் நான்தான்.

நான் ஒரு சின்ன லேப்ல இருக்கேன். பேட்டரி, துரு, முலாம்... மின்சாரமும் ரசாயனமும் சேர்ற எல்லாமே எங்க பொழப்பு. இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்கு ஒரு சங்கம் உண்டு, மின்வேதியியல் சங்கம். வருஷத்துக்கு ஒரு தடவை பன்னிரண்டு லேபுக்கு ஒரே மாதிரி பெட்டி அனுப்புவாங்க. உள்ளே அஞ்சு கண்ணாடிக் குப்பி. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பிளாட்டினக் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். பன்னிரண்டு பேரும் ஒரே நாள், ஒரே நேரத்துல இணைச்சு அளக்கணும். யார் கணக்கு சரியா வருதோ அந்த லேபுக்கு அங்கீகாரம். எப்பவும் ஞாயித்துக்கிழமைதான். அன்னிக்கு லிஃப்ட் ஓடாது, பெரிய மோட்டார் ஓடாது, கரண்ட் சுத்தமா வரும்.

அளவு கம்ப்யூட்டர் திரையில ஒரு கோடா ஓடும்; அதுல வர்ற வேண்டாத ஆட்டத்தை நாங்க நாய்ஸ்னு சொல்லுவோம். போன வருஷம் எங்க கோட்டுல ஏகப்பட்ட நாய்ஸ். தோத்துட்டோம். ரெண்டு வருஷம் தொடர்ந்து தோத்தா அங்கீகாரம் போயிடும், லேபை மூடிடுவாங்க. நானும் கம்பி அண்ணனும் நடுத்தெருவுல. வயரிங் வேலையெல்லாம் அவர்தான். ஆளும் கம்பி மாதிரி இருப்பார், அதனால அந்தப் பேர். அவர் பொண்ணு அப்போ காலேஜ்ல கடைசி வருஷம்.

குப்பிகளைச் செய்யறது சங்கத்தோட கண்ணாடிப் பட்டறைக்காரர். குழாயைச் சூடாக்கி, வாயால ஊதி ஊதிதான் செய்வார். "அஞ்சு குப்பிலயும் உங்க மூச்சுதானே சார் இருக்கு"ன்னு மீட்டிங்ல கிண்டல் பண்ணுவோம். சிரிச்சுக்குவார். எங்க யாருக்கும் அவர் பேர் தெரியாது. குப்பிக்காரர், அவ்வளவுதான்.

அஞ்சாவது குப்பி பிளாங்க். வெறும் உப்புத் தண்ணி. ஒண்ணுமே நடக்கக் கூடாது, கோடு நேரா போகணும். நம்ம மெஷின் ஒழுங்கா இருக்கான்னு பார்க்கறதுக்காகவே வைக்கிறது.

பெட்டி மூடிக்குள்ள, எப்பவும் போல, அவர் கையெழுத்துல ஒரு சீட்டு. "வித்தியாசமா ஏதாவது தெரிஞ்சா எந்த நேரமும் கூப்பிடுங்க." கீழே மொபைல் நம்பர்.

காலை பத்து மணிக்கு இணைச்சோம். அஞ்சு கோடும் அழகா ஓடுச்சு. கம்பி அண்ணன் டீ போட்டார். "இந்தத் தடவை ஜெயிச்சோம் மேடம்"னார். "வாயை வைக்காதீங்கண்ணே"ன்னேன்.

மணி 2.14.

அஞ்சாவது கோட்டுல ஒரு துடிப்பு. சின்னதா. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் வரிசையா... ஒரே இடைவெளியில.

எனக்கு வந்ததே கோபம். மொபைலை அணைச்சோம். ஃபேனை நிறுத்தினோம். எர்த் வயரை மாத்தினோம். குப்பியை இரும்புப் பெட்டிக்குள்ள வெச்சு மூடினோம். வெளியிலிருந்து என்ன வந்தாலும் அதுலயே நின்னுடணும்.

நிக்கல.

கிளிப்பைக் கழட்டினா கோடு நேர். திரும்ப மாட்டினா துடிப்பு. அப்போ நாய்ஸ் மெஷின்ல இல்ல. வயர்லயும் இல்ல. குப்பிலதான்.

கம்பி அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிஷத்துக்கு எண்பத்தி நாலு. அப்புறம் அவர் மணிக்கட்டுல விரலை வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம்... இது நாடி மாதிரி இருக்கு."

"எப்போலேர்ந்து டாக்டர் ஆனீங்க?"

"சீட்டுல நம்பர் இருக்கே. ஒரு போன் போடுங்களேன்."

"போட்டு? எங்க லேப்ல இந்த வருஷமும் நாய்ஸ்னு நாமே தண்டோரா போடவா? நுணலும் தன் வாயால் கெடும்னு கேள்விப்பட்டதில்லையா?"

அவர் திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பிச்சார். உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு அப்பவே பயம்தான். பயத்தைக் காட்டிக்கக் கூடாதுன்னுதான் அப்படிக் கத்தினேன்.

4.30. துடிப்பு வேகமாச்சு. நூத்திப் பத்து.

5.20. தாளம் தப்ப ஆரம்பிச்சுது. ரெண்டு சேர்ந்து வரும். ஒண்ணு விட்டுப் போகும்.

இரும்புப் பெட்டியைத் திறந்து குப்பியைத் தொட்டேன். மத்த நாலும் ஜில்லுன்னு இருந்துச்சு. இது வெதுவெதுப்பா இருந்துச்சு. ஒருத்தர் கையைப் பிடிச்ச மாதிரி.

குனிஞ்சு பார்த்தேன். கண்ணாடியோட உள்பக்கம் ஆவி படிஞ்சுது... மறைஞ்சுது... படிஞ்சுது... மறைஞ்சுது.

அடக் கடவுளே.

6.05. கம்பி அண்ணன் சுவரோட ஒட்டி நின்னார். "போடுங்க மேடம். போகட்டும் லேப்."

மொபைலை எடுத்து ஆன் பண்ணினேன். நம்பர் முழுக்க அடிச்சேன். பச்சைப் பட்டன் மேல விரலை வெச்சேன்.

அழுத்தல.

6.30. துடிப்பு... ரொம்ப நேரம் கழிச்சு... இன்னொரு துடிப்பு.

6.41. ஒண்ணு.

6.42.

நேர் கோடு.

குப்பி ஜில்லுன்னு ஆயிடுச்சு. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதிதான் இன்னைக்கும் என்னைத் தூங்க விட மாட்டேங்குது.

மறுநாள் காலையில, அந்தக் கோட்டுல 2.14-லேர்ந்து 6.42 வரைக்கும் இருந்ததை மவுஸால வளைச்சேன். சுத்தம் பண்ணுன்னு ஒரு பட்டன் இருக்கு. நாய்ஸ் வந்தா எல்லாரும் தட்டறதுதான். தட்டினேன். கோடு நேராச்சு. சங்கத்துக்கு அனுப்பிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு சங்கத்தோட கூட்டம். கம்பி அண்ணனையும் கூட்டிட்டுப் போனேன். செயலாளர் திரையில பன்னிரண்டு லேபோட பிளாங்க் கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணா போட்டார். பன்னிரண்டும் ஒரே கோடா தெரிஞ்சுது. "இவ்வளவு சுத்தமா எந்த வருஷமும் வந்ததில்ல"ன்னார். எல்லாருக்கும் அங்கீகாரம். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கும் சான்றிதழ் கொடுத்தாங்க.

அப்புறம் அவர் குரல் மாறிச்சு. "ஒரு நிமிஷம் எழுந்து நிக்கணும்னு கேட்டுக்கறேன். நம்ம குப்பிக்காரர் தவறிட்டார். நீங்க அளந்த அதே ஞாயித்துக்கிழமை. அடுத்த வேலையை முடிக்கணும்னு பட்டறைக்கு வந்திருக்கார். மாரடைப்பு. ரெண்டு மணிக்கு மேல விழுந்திருக்கார். பேச முடியல, நகர முடியல. ஆனா ஆறரை தாண்டியும் உயிர் இருந்திருக்குன்னு டாக்டர் சொல்றார்."

எல்லாரும் நின்னோம். கம்பி அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்ல.

நிமிஷம் முடிஞ்சுது. யாரும் உட்காரல. நான் எப்படித்தான் வாயைத் திறந்தேனோ தெரியல.

"யாருக்காவது... பிளாங்க்ல... ஏதாவது வந்துச்சா?"

முன் வரிசையில ஒரு வயசான புரொஃபசர். அவர் கை மெதுவா மேல வந்துச்சு. "ரெண்டு பதினாலுக்கு"ன்னார்.

அவருக்குப் பின்னாடி ஒரு கை. ஜன்னல் ஓரமா இன்னொண்ணு. நான் எண்ணினேன்.

பதினொண்ணு.

என் கையையும் தூக்கினேன்.

செயலாளருக்கு ஒண்ணும் புரியல. பேப்பரைப் பார்த்து மீதியையும் படிச்சு முடிச்சார். வாட்ச்மேன் அன்னிக்கு முழுக்க பட்டறை வாசல்லயே, கதவை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாராம். உள்ளேருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டிருந்தாலும் ஓடியிருப்பேன்னு அழுதாராம்.

குப்பிக்காரர் மொபைல் அவர் சட்டைப் பையிலயே இருந்துச்சாம். ஃபுல் சார்ஜ். ரிங் சத்தமும் முழுசா வெச்சிருந்தாராம். அளக்கிற நாளாச்சே, யாராவது கூப்பிடுவாங்கன்னு.

ஒரு மிஸ்டு கால்கூட இல்ல.