ஆள் ஏற்றாத டாக்சி

கடிதத்தின் தலைப்பில் மார்ச் மாதத் தேதி இருந்தது. எங்கள் கைக்கு அது வந்தது ஐம்பத்து நாலாம் வருஷம் ஆனியில். கொல்லம் ஆண்டுப்படி 1129 மிதுனம். இடைப்பட்ட மாதங்களில் அது இங்கிலாந்துக் கார் கம்பெனியிலிருந்து பம்பாய்க்கும், பம்பாயிலிருந்து நாகர்கோவில் ஏஜென்சிக்கும், அங்கிருந்து குலசேகரம் பக்கத்து ரப்பர் எஸ்டேட் டாக்டருக்கும் போயிருந்தது. காரை முதலில் வாங்கியவர் அந்த டாக்டர். அவர் எங்களுக்கு விற்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்ததால் கடிதம் அவர் மேஜையில் கொஞ்ச காலம் கிடந்தது. பிறகு அவரே நல்ல மனதுடன் கம்பவுண்டர் கையில் கொடுத்தனுப்பினார்.

எங்களுக்கு என்று எழுதினேன். கார் என் அண்ணனுக்குப் பாதி, அமரவிளையில் கொப்பரை மொத்த வியாபாரம் செய்த ஒருவருக்குப் பாதி. ஓட்டியது அண்ணன். பாறசாலை ஜங்ஷனில் அது டாக்சியாக நின்றது. நான் அப்போது தனுவச்சபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தேன். வீட்டுக்கு வரும் இங்கிலீஷைப் படித்துச் சொல்வது என் வேலை.

கடிதம் ஒரு பக்கம்தான். அந்த மாடலில் குறிப்பிட்ட எண் முதல் குறிப்பிட்ட எண் வரையுள்ள கார்களில், முன் சக்கரங்களைத் திருப்பும் தண்டின் முனையில் இருக்கும் குண்டு மூட்டு சரியாகப் பதப்படுத்தப்படாமல் போயிருக்கலாம். சில கார்களில் அது ஓட்டத்தில் முறியக்கூடும். ஏஜெண்டிடம் காட்டி இலவசமாக மாற்றிக்கொள்ளும் வரை காரை ஓட்ட வேண்டாம் என்று கம்பெனி கேட்டுக்கொள்கிறது.

அண்ணன் இரண்டு தடவை படிக்கச் சொன்னான்.

"முறியும்னு எழுதியிருக்கா, முறியாதுன்னு எழுதியிருக்கா?"

"முறியலாம்னு எழுதியிருக்கு. எந்த வண்டின்னு அவனுகளுக்கே தெரியாது."

"முறிஞ்சா?"

"ஸ்டியரிங் வளையம் உன் கையில இருக்கும். சக்கரம் அது பாட்டுக்குப் போவும்."

பானெட்டைத் திறந்து, எண் பொறித்த தகட்டைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தோம். எங்கள் எண் அந்த வரிசைக்குள் இருந்தது. கடைசி எண்ணாக இருந்திருந்தால் அச்சுப் பிழை என்று ஏதாவது நம்பியிருப்போம், நடுவில் இருந்தது.

மறுநாள் முதல் அண்ணன் ஆள் ஏற்றவில்லை. வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, கொப்பரைச் சாக்கு ஆகியவற்றை மட்டும் ஏற்றி, மாட்டு வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் போகிற வேகத்தில் ஓட்டினான். ஏன் லோடு மட்டும் என்று கேட்டதற்கு, "லோடு சாவாதுல்லா" என்றான். தன்னை அந்தக் கணக்கில் அவன் சேர்க்கவில்லை. அண்ணி சேர்த்திருந்தாள். அவன் திரும்பி வரும் வரை அடுக்களைக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

கடிதத்தில் இருந்ததை கேட்டவர்களிடமெல்லாம் அவன் சொன்னான். அதுதான் கெடுதலாகப் போயிற்று. ஆவணியில் நடக்க வேண்டிய ஒரு கல்யாணத்துக்கு இந்தக் காரை முன்பே பேசி வைத்திருந்தார்கள். அண்ணன் போய், பாத்திரம் பண்டமெல்லாம் கொண்டுவந்து தருகிறேன், மாப்பிள்ளையை மட்டும் ஏற்ற மாட்டேன் என்றான்.

பெண்ணின் தாய்மாமன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அண்டா கார்ல வரும், மாப்பிள்ளை நடந்து வருவாராக்கும்? ஒரு காரியம் செய்வோம் ஓய். அண்டாவுக்கே தாலி கெட்டிருவோம்."

முற்றம் முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டு வந்தான். கல்யாணத்துக்கு ஜங்ஷனின் இன்னொரு டாக்சி போனது.

அந்த இன்னொரு டாக்சியும் இதே மாடல்தான். ஒரே வருஷம் வந்த வண்டிகள். நிறம் மட்டும் வேறு. அதன் சொந்தக்காரர் பாறசாலைக்காரர், அண்ணனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணன் அவரிடம் கடிதத்தைக் காட்டினான். அவர் அதை வாங்கக்கூட இல்லை.

"எனக்கும் வந்துது மக்கா. வெந்நீர் அடுப்புக்கு ஆச்சு."

"எண்ணு பாத்தீங்களா?"

"என்னத்துக்குப் பாக்கணும்? பாத்தா உன்ன மாதிரி நிக்கணும். பாக்கலன்னா ஓட்டலாம். எலே, ரோட்டுல போற பஸ்சுல எத்தனை எண்ணம் முறிஞ்சு கெடக்கு, எவனுக்கு லெட்டர் வருது? உனக்கு வெள்ளக்காரன் லெட்டர் போட்டதும் தலை கறங்கிப் போச்சு."

அன்றைக்கு அவர் வண்டியில் களியக்காவிளைக்கு எட்டுப் பேர் ஏறிப் போனதை நான் பார்த்தேன்.

நாகர்கோவில் ஏஜென்சி, மூட்டு கப்பலில் வருகிறது, இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்று எழுதியது. அந்த இரண்டு மாதத்துக்குள்தான் ஆடியின் கடைசி வாரம் வந்தது. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு. தெற்கே போகும் ரோடு போலீஸ்காரர்களுடையதாக ஆயிற்று. சென்னைப் பத்திரிகை ஒரு நாள் தாமதித்தும் திருவனந்தபுரம் பத்திரிகை அன்றன்றைக்கும் வரும். இறந்தவர்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருந்ததில்லை. தமிழ் பேசும் டிரைவர் என்று தெரிந்தால் வண்டியை நிறுத்தி இருக்கையைக் கிழித்துப் பார்த்தார்கள். அண்ணன் காரை வீட்டுப் பின்புறம் பலா மரத்தடியில் விட்டு, தென்னை ஓலை போட்டு மூடினான்.

மார்கழியில் ஏஜென்சியிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. மூட்டுகள் வந்துவிட்டன. ஆனால் கார் இப்போது நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கிறது. கம்பெனியின் ஏற்பாட்டில் அந்தத் தாலுகா திருவனந்தபுரம் ஏஜெண்டுக்கு உரியது. உங்களுக்கான குண்டு மூட்டை அங்கே அனுப்பிவிட்டோம்.

அண்ணனும் நானும் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போனோம். ஏஜென்சியில் மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா மரியாதையானவர். பெட்டியைத் திறந்து மூட்டைக் காட்டக்கூடச் செய்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு இரும்பு. அண்ணன் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தான். காரைக் கொண்டுவர வேண்டும், அதற்கு முன் ஒரு தாளில் சொந்தக்காரர்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும். இந்தக் கார் நிரந்தரமாகத் திருவனந்தபுரம் எல்லைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது, இனி நாகர்கோவில் ஏஜென்சியிடம் எங்களுக்கு உரிமை ஏதும் இல்லை என்று அதில் அச்சடித்திருந்தது.

"ரண்டு பேரும் ஒப்பிடணும்," என்றார். "அல்லாதெ பற்றில்லா." இல்லாவிட்டால் முடியாதாம்.

அண்ணன் அங்கேயே தன் கையொப்பத்தைப் போட்டான்.

திரும்பும் வழியில் அமரவிளையில் இறங்கினோம். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் கையொப்பம் என்பது என்னவாக இருந்தது என்று சொல்லிவிட வேண்டும். தில்லியிலிருந்து எல்லைக்கான கமிஷன் வந்துகொண்டிருந்தது. தாலுகா எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று இரண்டு தரப்பும் வீடு வீடாகக் கையொப்பமும் பெருவிரல் ரேகையும் வாங்கின. மனம் நோகக் கூடாது என்று இரண்டிலும் போட்டவர்கள் இருந்தார்கள். மலையாளத்தில் எழுதிய ஒரு பள்ளிக்கூட ரசீதைக் எதிர்த் தரப்பார் கூட்டத்தில் தூக்கிக் காட்டி, இவர்களா தமிழர்கள் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு பால்காரனின் சீட்டில்கூடப் பெயர் எழுத யோசித்தார்கள். கொப்பரை வியாபாரி எங்கள் தரப்புக்குக் கையொப்பம் வாங்கி அலைந்தவர்களில் முன்னால் நின்றவர். ஒரு தடவை அடியும் பட்டிருந்தார்.

அவர் தாளை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"நிரந்தரமாங்கிற வார்த்தை உண்டா?"

"உண்டு."

"திருவனந்தபுரம் எல்லைக்குள்ளன்னு உண்டா?"

"உண்டு. அது ஏஜென்சி எல்லை அண்ணாச்சி. கவர்மென்ட் எல்லை இல்லை."

"எல்லை எல்லைதான் மக்கா." தாளை மடித்து அண்ணனின் சட்டைப் பையில் அவரே வைத்தார். "ஊரெல்லாம் நெய்யாற்றின்கரை தமிழ்நாட்டுக்குன்னு ஒப்பு வாங்கினவன், சொந்தக் காரைத் திருவனந்தபுரத்துக்குன்னு ஒப்புப் போட்டானாம். நாளைக்குக் கமிஷன் முன்னால இந்தத் தாளை ஒருத்தன் விரிச்சா, நான் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்?"

"கார் ரிப்பேர் தாளைக் கமிஷனுக்கு யாரு கொண்டு போவா?" என்றான் அண்ணன்.

"பள்ளிக்கூட ரசீதைக் கொண்டு போனவனுவோதான்."

அண்ணன், "ஆள் ஏத்தாம எத்தனை நாள் ஓட்டுவேன் அண்ணாச்சி? ஏத்தினா, ஒரு நாள் வளைவுல வச்சு எவன் பிள்ளையவாவது கொன்னுருவேன். ராத்திரி அதுதான் சொப்பனம்" என்றான்.

வியாபாரியின் குரல் தணிந்தது. "எனக்கும் அதுல முதல் உண்டுலே. நஷ்டம் எனக்கில்லியா? கொஞ்சம் பொறு. கோடு விழட்டும். நம்ம தாலுகா அந்தப் பக்கம் போனதும் நானே உன் பக்கத்துல இருந்து நாகர்கோவிலுக்கு வாறேன்."

அவர் ஏமாற்றவில்லை. நம்பினார். எங்கள் ஊரில் அப்போது நம்பாதவர்கள் குறைவு, நானும் நம்பினேன். நெய்யாற்றின்கரையின் கிழக்குப் பகுதியாவது வரும் என்று மொழிவாரிக் கணக்குகளையெல்லாம் படித்து நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

காத்திருந்த காலத்தில் அண்ணன் மார்த்தாண்டத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், மூட்டைச் செய்து தர முடியுமா என்று கேட்டான். வடிவம் செய்யலாம், இரும்பின் பதத்துக்கு நான் பொறுப்பில்லை என்றார் பட்டறைக்காரர். பதம்தானே முதலிலேயே சரியில்லாமல் போனது. அண்ணன் வந்துவிட்டான். லோடும் குறைந்தது. லாரிகள் வந்துவிட்ட பிறகு, நாலு சாக்கை மாட்டு வேகத்தில் கொண்டுபோகிற காரை யார் கூப்பிடுவார்கள்?

ஐம்பத்தைந்தில் கமிஷன் அறிக்கை வந்தது. விளவங்கோடு உட்பட நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு. நெய்யாற்றின்கரை அதில் இல்லை. வியாபாரி அப்போதும் தாளைக் கேட்கவில்லை. அறிக்கைதானே, சட்டம் வரட்டும் என்றார். ஐம்பத்தாறு நவம்பர் முதல் தேதி கோடு விழுந்தது. களியக்காவிளைக்கு அப்பால் மிட்டாய் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் கடைகள் வழக்கம்போலத் திறந்தன. அன்று சாயங்காலம் வியாபாரி எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார்.

"அந்தத் தாள் உண்டா?"

இருந்தது. மடிப்பில் கிழிந்திருந்ததை ஒட்டியிருந்தோம். பேனாவை என்னிடம் வாங்கிக் கையொப்பம் போட்டார். தமிழில்தான் போட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

திருவனந்தபுரத்தில் அதே குமாஸ்தா, அதே மேஜை. இலவசமாக மாற்றும் ஏற்பாட்டைக் கம்பெனி போன வருஷமே முடித்துவிட்டதாம். மிஞ்சிய மூட்டுகள் பம்பாய்க்குத் திரும்பிவிட்டன. விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டோம். அந்த மாடலையே இங்கிலாந்தில் நிறுத்திவிட்டார்கள், அவருக்குத் தெரிந்து எங்கும் கிடையாது. பம்பாய்க்கு எழுதிப் பார்க்கச் சொன்னார். நான் மூன்று முறை எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது, வருந்துகிறோம் என்று.

ஐம்பத்தேழு தையில் வியாபாரி தன் பாதியை விற்றே ஆக வேண்டிய நிலைக்கு வந்தார். பாதிக் காரை யார் வாங்குவார்கள்? முழுதாக விற்க அண்ணனும் சம்மதித்தான். வாங்கியவர் ஜங்ஷனில் இன்னொரு டாக்சி வைத்திருந்த பாறசாலைக்காரர். இதற்கிடையில் அவர் வண்டி ஒரு நாளும் முறியவில்லை. கல்யாணம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான்.

விற்ற மறுவாரம் அவரே வீட்டுக்கு வந்தார்.

"வண்டிக்கு ஆளு வேணும். அதோட நாடி உனக்குத்தான் தெரியும். நீயே வளையம் பிடி."

"ஆள் ஏத்தணுமா?"

"பின்ன, காத்து ஏத்தவா நான் வாங்கினேன்?" பிறகு, அண்ணி வாசலில் நிற்பதைப் பார்த்துக் குரலைக் குறைத்தார். "நீ இல்லன்னா இன்னொருத்தன் ஓட்டுவான் மக்கா. அவனுக்கு லெட்டர் விஷயமும் தெரியாது. நீயானா பாத்து ஓட்டுவ."

அது சரியான பேச்சு. வீட்டில் மூன்று பிள்ளைகள். அண்ணனுக்கு வேறு தொழிலும் தெரியாது. அவன் என்னைப் பார்த்தான். மறுநாள் காலையில் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டான்.

அந்தக் கார் அறுபத்திரண்டு வரை ஓடியது. எதுவும் முறியவில்லை. பார்த்தாயா, வீணாகப் பயந்தாய் என்று பலர் அண்ணனிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவன் தலையாட்டுவான். ஐந்து வருஷமும் காலையில் புறப்படுமுன் கீழே படுத்து அந்த மூட்டைத் துடைத்துப் பார்ப்பான். வெடிப்பு உள்ளே இருந்தால் வெளியே தெரியாது என்று கடிதத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொன்னவன் நான்.

ஐம்பத்தேழு சித்திரையில் ஒரு சந்தை நாள் காட்டாக்கடைக்குப் போக அதில் ஏறினேன். பின்னால் ஐந்து பேர், முன்னால் அண்ணனோடு நானும் ஒரு வயதான பெண்ணும். அவள் மடியில் பேத்தி. அமரவிளைப் பாலம் தாண்டும் வரை அண்ணன் மெதுவாகத்தான் போனான். பின்னால் இருந்த ஒருவர் பொறுக்க முடியாமல் சொன்னார்: "டிரைவரே, இந்தப் போக்குல சந்தை பிரிஞ்ச பிறகுதான் சேருவோம். உம்மட முதலாளி இருந்தா இப்பிடியா ஓட்டுவாரு? கொஞ்சம் விடும் வேய்."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். பேத்தி வளையத்தைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். பாட்டி அந்தக் கையை இழுத்துக்கொண்டாள்.

அண்ணன் ஆக்சிலேட்டரில் காலை அழுத்தினான்.