கண்பட்டுவிடும் என்று

என் மகள் பிறந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அத்தனை வீடும் எட்டிப் பார்த்தது. அப்படியொரு பெரிய கண் அவளுக்கு. என் முகத்தில் கண் எங்கே என்று தேடத்தான் வேண்டும். வீட்டுக்காரரும் அதே ரகம். எங்களுக்கு இப்படியொரு பிள்ளையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதத்தில் கண் இன்னும் பெரிதானது. நான் பூரித்துப்போனேன்.

"யாருக்கும் காட்டாத, கண்ணு பட்டுரும்" என்றாள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவள். கன்னத்தில் மை வைத்தேன். வெளியே போனால் பிள்ளையின் முகத்தைத் துண்டால் மூடினேன். வெளிச்சம் பட்டாலே அவள் வீரிட்டு அழுவாள், கண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டேன்.

தோட்டத்தில் பிள்ளைகளை நிறுக்கும் நாளில் மருத்துவமாது, "துண்ட எடுங்க, முகத்தப் பாப்போம்" என்றார்.

"இப்பதாங்க மிஸ் தூங்குச்சு" என்று பொய் சொன்னேன். அடுத்த மாதமும் அதே பொய். வரிசை நீளம், அவர் நிறையை மட்டும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். நான் பெரிய கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். வெட்கக்கேடு.

நாலாம் மாதம் இரண்டு கருவிழியிலும் வெள்ளை படர்ந்தது. பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். அங்கிருந்து இரத்தினபுரிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து கொழும்புக்கு. கொழும்பு டொக்டர் சிங்களத்தில்தான் பேசினார். எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது, புரியாமல் இருந்திருக்கலாம். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழி, பிறவியிலேயே சரியாக அமையவில்லையாம். அபூர்வமாகத்தான் இப்படிப் பிறக்குமாம். நீர் உள்ளே தேங்கி அழுத்த, பச்சைப் பிள்ளையின் கண் உப்பிப் பெரிதாகும், பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். நான் கொண்டாடிய அழகு அந்த நோய்தான்.

"எப்போதிலிருந்து பெரிதாகிறது?" என்று கேட்டார்.

"மொத மாசத்துல இருந்துங்க" என்று வீட்டுக்காரர் சிங்களத்தில் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டு கண்ணிலும் ஒப்பரேஷன் செய்தார்கள். சில வாரம் கழித்து டொக்டர் ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார். வலக்கண் வெளிச்சத்தின் பின்னாலேயே போனது. இடக்கண் அசையவில்லை. மறுபடியும் அடித்தார். அசையவில்லை.

அன்றுதான் வாயைத் திறந்தேன். "மொத மாசமே காட்டியிருந்தா இந்தக் கண்ணும் தெரிஞ்சிருக்குமாங்க?"

டொக்டர் டோர்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். "இருக்கிற கண்ணைக் காப்பாற்றுவோம். சொட்டு மருந்தை ஒரு நாளும் விட வேண்டாம்" என்றார்.

இல்லை என்று அவர் சொல்லவில்லை.