கிளப் வாசலும் கிராஜுவிட்டிப் பணமும்

"பணக்காரனுக்குக் கெடைக்கிற லாபம் நமக்கு மட்டும் ஏன் கெடைக்கக்கூடாது?" என்று பெரியமுத்து கேட்டபோது, சின்னக்கானல் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுபவருக்கும்தான்.

பெரியமுத்து தேயிலை ஃபேக்டரியில் உழைத்து ஓய்வு பெற்றவர். கட்டட முதலாளிகளுக்குக் கடன் கொடுக்கும் ஒரு முதலீட்டு நிதியைப் பற்றி ஏஜென்ட் ஒருவன் வந்து சொன்னான். பெருந்தொகை போடுகிறவர்களை மட்டுமே அதில் சேர்க்கலாம் என்பது அரசாங்க விதி. பெரியமுத்துவுக்கு அது எஸ்டேட் கிளப்பின் வாசலைப் போலத் தோன்றியது. அந்த வாசலுக்குள் தொழிலாளியை ஒருநாளும் விட்டதில்லை. இந்த முறையாவது நுழைந்துவிட வேண்டும், எல்லோரையும் கிளப்புக்குள் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி, ஓய்வு பெற்ற அக்கம்பக்கத்தாருக்குப் பணிக்கொடையாக வந்த கிராஜுவிட்டியையும் சேர்த்துத் தன் பெயரில் போட்டார்.

இப்போது அந்த நிதி பணத்தைத் திருப்பித் தருவதை நிறுத்திவிட்டது. கடன் வாங்கியவர்கள் கட்டவில்லையாம். எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம்.

பக்கத்து வீட்டு மாரித்தாய் நேற்று வந்தாள். ஓய்வு பெற்றுவிட்டதால் இந்த மாதம் அவள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க, அந்த நிதியில் போட்ட கிராஜுவிட்டியை விட்டால் வேறு பணம் இல்லை.

"அண்ணே, பாதியாவது கெடைக்குமா?"

"தெரியலையே தாயி."

"கிளப்புக்குள்ள கூட்டிட்டுப் போறேன்னியளே. வெளிய வர்ற வழியக் கேக்கலியா?"

சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

நட்டத்தைத் தாங்க முடியாதவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அந்த விதி, அணைக்கரையில் ஆள் இறங்காதிருக்கப் போட்ட வேலியைப் போன்றது என்று பெரியமுத்துவுக்கு இப்போதுதான் புரிந்தது. அதைப் பிரித்து, எல்லோரையும் அவரே கூட்டிப் போயிருந்தார்.

உங்கள் பக்கத்தில் ஓய்வு பெறப் போகிறவர் யாராவது இருந்தால், பணம் கைக்கு வருமுன்பே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.