இரண்டு சவ்வுகளும் ஏழாம் மாத வளையலும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் தினமும் அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வயிற்றில் ஏழு மாதம். ஆவடியிலேயே ஏறிவிடும் பூக்காரம்மா, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் தன் கூடையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். யாராவது முணுமுணுத்தால் போச்சு, அன்றைக்கு அவர்கள் பரம்பரையே சந்திக்கு வரும்.

"அப்டி இன்னாதாம்மே பண்றே அங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பாலான மெல்லிய தோல் உண்டு, அதைச் சவ்வு என்போம் என்றேன். தண்ணீரில் இரண்டு சவ்வுகள் கிட்டே வந்தால் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். சூடு ஏற்றினால் இரண்டும் படபடவென்று நெளியும். நெளிய இடம் வேண்டுமே, ஒன்றையொன்று தள்ளிவிடும். "வேர்த்தா நீங்கள்லாம் முந்தானையால விசிறிக்கிட்டு முழங்கையால இடிக்கிறீங்களே, அது மாதிரி."

"நானா இடிக்கிறேன்? அடிப் பாவி!" என்று மறுபடி ஓர் இடி இடித்தார்.

சவ்வுகள் பிரிவதை நுண்ணோக்கியில் பார்த்தாகிவிட்டது. ஆனால் ஆறவிட்டால் மறுபடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால், சூட்டில் கெட்டுப்போய்த்தான் பிரிந்தன என்று பேராசிரியர் சொல்லிவிடுவார். இரண்டு வருட உழைப்பு அம்போ என்று பூக்காரம்மாவிடமும் புலம்பியிருந்தேன். இரண்டு தடவை ஆறவிடும் நேரம் பார்த்து, பாழாய்ப்போன கரண்ட் போனது. மிச்சமிருந்தது ஒரே நாள். மறுநாள் மத்தியானம் அம்மா வந்து என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு.

அந்தக் கடைசி நாள் காலை பெட்டிக்குள் காலை வைத்தால் சந்தனம், குங்குமம், தூக்கு நிறையப் புளிசாதம்! வில்லிவாக்கம் வருவதற்குள் வளைகாப்பையே நடத்தி முடித்துவிட்டார்கள், மகராசிகள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்.

"புள்ள பொறக்கிற வரிக்கும் கயட்டாத, சொல்ட்டேன்" என்றார் பூக்காரம்மா.

ஆய்வுக்கூடத்தில் அந்த வளையல்கள் நுண்ணோக்கியில் இடிக்க இடிக்க, சவ்வுகள் பார்வையை விட்டு ஓடின. எனக்கோ கழற்ற மனம் வரவில்லை. ஒவ்வொரு கையிலும் வளையல்களைக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சூட்டை மெல்ல இறக்கினேன். கரண்ட் போகக் கூடாதே என்று வேண்டாத தெய்வமில்லை. நுண்ணோக்கியில் கோடுகளாகத் தெரிந்த இரண்டு சவ்வுகளும் நெளிந்தன. நெளிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஓர் ஓரத்தில் தொட்டன; அங்கிருந்து ஜிப் மூடுகிற மாதிரி முழுக்க ஒட்டிக்கொண்டன. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது.

ராத்திரி கணவரிடம் சொன்னேன். "அப்படியா, சரி, சாப்பிடு" என்றார். இந்த மனுஷரிடம் போய்ச் சொன்னேனே என்றிருந்தது.

மறுநாள் காலை, மாமியார் கத்தக் கத்த, அம்பத்தூர் நடைமேடையில் போய் நின்றேன். ரயில் வந்து நின்றதும் பூக்காரம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"இன்னாம்மே, ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சு!" என்று வளையல் குலுங்கக் கையை ஆட்டினேன்.

பெட்டியே கூச்சல் போட்டது. ரயில் நகர்ந்தது. நான் ஏறப்போவதில்லை என்று தெரிந்தும், என் இடத்தில் அவருடைய கூடை இருந்தது.