அடுத்த வரியைப் படிக்காதவள்

நாலாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தத் திமிரில் பஸ் போர்டு, உரமூட்டை, மருந்துச் சீட்டு என்று எதைக் கண்டாலும் சத்தமாகப் படிப்பேன். தெரியாத சொல் வந்தால் தாண்டிவிடுவேன். கேட்கிறவர்களுக்கும் படிக்கத் தெரியாது என்பதால் பிடிபட்டதே இல்லை.

அந்த வருடம் ஒரு கேசட் கம்பெனிக்காரர் சோளக்காடு என்ற சந்தை ஊரிலிருந்து ஜீப்பில் எங்கள் மலைக் கிராமத்துக்கு வந்தார். சாமைக்காட்டில் களையெடுக்கும்போது பாட அம்மா தானே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். அதைப் பற்றி யாரோ சந்தையில் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூட ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, அம்மாவைப் பாடவைத்துப் பதிவு செய்தார். பிறகு ஒரே மாதிரி இரண்டு காகிதங்களை நீட்டினார்.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எங்களுக்குங்க. படிச்சுப் பாத்துட்டு ரேகை வைங்க."

அம்மா ஒன்றை என்னிடம் தந்தாள். "படி சாமி."

அம்மாவின் பெயர் வந்த இடத்தில் குரலை உயர்த்தினேன். நடுவில் லாரி நீளத்துக்குச் சொற்கள் வந்தன. மலைரோட்டில் செய்வதைப் போலவே ஒதுங்கி வழிவிட்டேன். கடைசியில், "எல்லாஞ் செரியா இருக்குதும்மா" என்றேன். அம்மா ரேகை வைத்தாள்.

ஜீப்பில் ஏறும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இனி இது கம்பெனிப் பாட்டுங்க. வேற யாருக்கும் பாடிக் குடுத்துராதீங்க. கேஸாயிரும்."

அம்மா காட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியில் இருந்த எங்கள் காகிதத்தை எடுத்து, தாண்டிய சொற்களை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'முழு உரிமையும்' என்று வந்தது. அதற்கு மேல் படிக்கத் தைரியம் வரவில்லை. மடித்து வைத்துவிட்டேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்த வாரம் களையெடுப்பு. எங்கள் ஊரில் ஒருத்தி முதல் அடியை எடுத்தால் மற்றவர்கள் வாங்கிப் பாடியாக வேண்டும். பாட்டை அந்தரத்தில் விடக்கூடாது, காட்டுக்கு ஆகாது. அம்மா எடுத்தாள். பத்துப் பெண்கள் வாங்கினார்கள். ஆக மொத்தம் பதினோரு பேர் ஜெயிலுக்கு என்று விரல்விட்டு எண்ணினேன். களி யார் கிண்டுவது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. அப்போது கீழே வளைவில் ஒரு ஜீப் முனகி ஏறும் சத்தம் கேட்டது. கால் பாவாடையில் தடுக்க ஓடிப்போய் அம்மாவின் வாயைப் பொத்தினேன்.

"பாடாதம்மா. போலீசு வருது."

பாட்டு அந்தரத்தில் நின்றது. பத்துப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏங் கண்ணு," என்றாள் பக்கத்து வரிசையில் இருந்த அத்தை, "போலீசு வர்ற அளவுக்கா உங்கம்மா மோசமாப் பாடுறா?"

காடே சிரித்தது. வந்தது மிளகு வியாபாரியின் ஜீப். அம்மா என் கையை விலக்கிவிட்டு, நிறுத்திய அடியிலிருந்தே எடுத்தாள். முன்னைவிடச் சத்தமாக. நான் வளைவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, அந்தக் காகிதத்தை அடுப்பில் வைத்தேன். முதலில் ஓரம் சுருண்டது. பிறகு ரேகை, பிறகு அம்மாவின் பெயர். இனி எவனும் கேஸ் போட முடியாது. அன்றைக்கு இரண்டு உருண்டை களி தின்றேன். அம்மா அந்தக் காகிதத்தைத் தேடவே இல்லை.

கேசட் வந்தது. அட்டையில் 'பாடியவர்: மலைப் பெண்கள்' என்று மட்டும் இருந்தது.

போன மாதம், பல்லுப் போன வாயால் அம்மா அதே பாட்டைப் பாடியதைப் போனில் எடுத்து இணையத்தில் ஏற்றினேன். ஏற்றிய கையோடு அறிவிப்பு வந்தது. பாட்டு கம்பெனிக்குச் சொந்தமாம், வீடியோவை நீக்கிவிட்டார்களாம். இந்த மாதிரி விவகாரம் பார்க்கும் நாமக்கல் வக்கீல் ஒருவரிடம் போய், நினைவிலிருந்த 'முழு உரிமையும்' என்பதைச் சொன்னேன்.

"பயப்படாதீங்க. முழு உரிமைன்னா எதுக்குன்னு அடுத்த வரியில போட்டிருப்பாங்க. கேசட்டுக்கு மட்டும்னு இருந்தா நம்ம பக்கந்தான். உங்க காப்பியக் கொண்டாங்க, போதும்."

"அது அடுப்புக்குப் போயிருச்சுங்க" என்றேன்.

கேசட் கம்பெனிக்காரர் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார், ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு என்று. எங்களுடையதை எரித்தால் அவர்களுடையதும் சேர்ந்து எரிந்துவிடும் என்று அந்த நாலாம் வகுப்புக்காரி நம்பிவிட்டாள்.