அருவித் தண்ணீரில் போட்ட ஊறல்

வீட்டில் பீர் போடுகிற பொம்பளை தென்காசியில் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் வெளியே சொல்லமாட்டார்கள். நானும் ஒரே ஒரு தடவைதான் போட்டேன், அதுவும் என் தம்பிக்காக. அவன் போன வருஷம் ஆவணியில் இறந்துபோனான்.

படிக்க ஆஸ்திரேலியா போனவன் அங்கேயே தங்கிவிட்டான். கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவான், அதனால் கடைசிவரை தனிக்கட்டைதான். ஒருநாள் படுத்தவன் மறுநாள் எழுந்திருக்கவில்லை. சாம்பல்தான் ஊருக்கு வந்தது. இலத்தூர் வீட்டில் அம்மா அந்தச் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "இம்புட்டுதானாட்டி?" என்று என்னைக் கேட்டாள்.

வருஷத் திதி நெருங்கியபோது அம்மா போன் செய்தாள். "படையல்ல அவனுக்கு என்ன வைக்க? இப்பம் அவனுக்கு என்ன புடிக்கும்னே எனக்குத் தெரியலியே. ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டியாலேன்னுதான் கேட்டேன். என்னத்தச் சாப்பிட்டேன்னு ஒருநாளும் கேக்கலியேட்டி."

எங்கள் பக்கம் இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வந்தவர் பசியோடு திரும்பிப் போவார் என்பார்கள். அப்பாவுக்குப் பீடிக்கட்டு வைத்தோம். குடித்தே செத்தவருக்கு ஒரு பாட்டிலும் வைக்கலாம் என்று சொன்ன பெரியப்பாவை அம்மா விளக்குமாற்றோடு விரட்டினாள். அன்றிலிருந்து அந்த வாடை எங்கள் வாசற்படி ஏறியதில்லை.

அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதுதான் வம்பு. தம்பிக்குப் பிடித்தது பீர், அதுவும் அவனே வீட்டில் போட்ட பீர். கடைச் சரக்கை அவன் தொட்டு நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு ட்ரம்மைக் காட்டுவான். "குடிக்கது ஒரு கிளாஸ்தான்க்கா. மூடில இருக்க இந்தக் குழாய்ல காத்து முட்டை முட்டையா வருது பாரு, இதப் பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்பான். வேறு வேலை இல்லையா உனக்கு என்று நான் திட்டுவேன். திட்டிக்கொண்டே நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியாக ஊருக்கு வந்தபோது பெட்டியில் ஒரு டின்னும் மூடியில் மாட்டுகிற குழாயும் கொண்டுவந்தான். டின்னுக்குள் கருப்பட்டிப் பாகு மாதிரிக் கெட்டியான, முளைகட்டிய பார்லியில் எடுத்த மால்ட் சாறு, டின் மூடிக்கு அடியில் அதை நொதிக்கவைக்கிற ஈஸ்ட் பொட்டலம். வெந்நீரில் கரைத்து, சீனி சேர்த்து, ட்ரம் நிறையப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடவேண்டியதுதான். வெயில் ஆகாது, சாரல் காற்றடிக்கிற சீசன்தான் சரி என்றான். குற்றாலத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவேண்டும் என்பது அவன் ஆசை. அவன் இருந்த நாளெல்லாம் வெள்ளம், அருவியில் யாரையும் விடவில்லை. "அடுத்த சீசனுக்கு வாரேன்க்கா, பத்திரமா வச்சிரு" என்று டின்னை என் ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டுப் போனான்.

ஆடிச் சாரல் தொடங்கியதும் நான் டின்னை எடுத்தேன். என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "சாராய ஊறல் பிடிக்க மலையெல்லாம் அலைஞ்சவன் நான். இப்பம் என் வீட்டுக்குள்ளயே ஊறலா? எதுத்த வீட்ல இன்ஸ்பெக்டர் இருக்காரு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். "அவர் வந்தா உங்களத்தான் பிடிச்சுக் குடுப்பேன்" என்றேன். முறைத்துக்கொண்டே, வீட்டில் இருந்த தண்ணீர் ட்ரம்மை அவரே தூக்கி ஸ்டோர் ரூமுக்குள் வைத்தார். அவருக்கும் தம்பி என்றால் பிரியம்.

ட்ரம், மூடி, கரண்டி, குழாய் எல்லாவற்றையும் வெந்நீர் ஊற்றி அலசினேன். சுத்தமில்லை என்றால் மொத்தமும் கெட்டுவிடும் என்று தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். பச்சைத் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் ஊற்றவேண்டும் என்பான். எல்லாம் நினைவிருந்தது. ஆனால் நான் ஐந்தருவியில் ஈரச் சேலையோடு நின்று கேன் கேனாகப் பிடித்துவந்தது அருவித் தண்ணீர். மலையில் மூலிகை வேரெல்லாம் தொட்டு வருகிற தண்ணீரை யாராவது காய்ச்சுவார்களா? காய்ச்சினால் அதில் இருக்கிற நல்லதெல்லாம் போய்விடாதா? அப்படியே ஊற்றினேன்.

மறுநாளே குழாயில் முட்டை வந்தது. ஸ்டூலைப் போட்டு ட்ரம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு முட்டையும் உடையும்போது உள்ளே யாரோ உயிரோடு இருக்கிற மாதிரி இருந்தது. அவன் போனதிலிருந்து எனக்குச் சரியாக அழவரவில்லை. அங்கே உட்கார்ந்துதான் வாய்விட்டு அழுதேன்.

முட்டை நின்றதும் திறந்தேன். மேலே வெள்ளையாக ஆடை படர்ந்திருந்தது. புளித்த வாடை மூக்கில் ஏறியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், ஒரே புளிப்பு. தம்பி சொன்னது அப்போதுதான் உறைத்தது. அருவியையும் திட்டினேன், மூலிகையையும் திட்டினேன். இன்னொரு டின் கொண்டுவர இனி அவன் இல்லை. கொட்டவும் மனசு வராமல் திரும்ப மூடிவைத்தேன்.

திதிக்கு முந்தின நாள் அம்மா இலத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். வந்ததும், "என்ன வைக்கப்போற? கண்டுபிடிச்சியா?" என்றுதான் கேட்டாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய் மூடியைத் திறந்தேன்.

"இது பீரும்மா. இதத்தான் அவன் அங்கன வீட்ல போடுவான், அவனுக்குப் புடிச்சது இதுதான். அவன் கொண்டாந்த சாமான வச்சு நான் போட்டேன். கெட்டுப்போச்சு."

அம்மாவின் முகம் இறுகியது. அப்பாவை நினைத்துக்கொண்டாள் என்று தெரிந்தது. ட்ரம்மைக் காலால் தள்ளிவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் குனிந்து, கண்ணை மூடி மோந்து பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை மோந்தாள்.

"உங்கப்பன் நாத்தம் இல்லியே" என்றாள். "நீத்தண்ணி வாடைல்லா அடிக்குது. பழைய சோத்துல கெடந்து நல்லாப் புளிச்ச நீத்தண்ணி. இதக் குடிக்காம அவன் பள்ளிக்கூடத்துக்குப் போவானா? அங்கன போயும் இதத்தான் தேடியிருக்கானா எம் புள்ள?"

அது அப்படிப் புளிக்கக்கூடாது, என்னால் வந்த புளிப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ட்ரம்மை மூடினேன்.

மறுநாள் இலை போட்டோம். சோறு, குழம்பு, வடை எல்லாம் நான் வைத்தேன். அவன் சிறுவயதில் குடித்த செம்பை அம்மா இலத்தூரிலிருந்தே எடுத்துவந்திருந்தாள். ஆடையை விலக்கி, அதில் நிறைய மொண்டு வந்து போட்டோவுக்கு முன்னால் வைத்தாள். விழுந்து கும்பிட்டு எழுந்தவள், எதையோ மறந்தவள்போல அடுப்படிக்கு ஓடினாள். கைக்குள் கல் உப்பு எடுத்துவந்தாள். செம்பில் போட்டு விரலால் கலக்கிக்கொண்டே, "உப்பு இல்லன்னா தொடமாட்டான்" என்றாள்.